பழைய வானின் குரூஸ் கொன்ட்ரோல் வேலை செய்யவில்லையா? முதலில் பிறேக் விளக்கைப் பாருங்கள்

2009இல் என் வலது முழங்காலுக்குக் கீழே ஷெல் துண்டு பாய்ந்தது. கால் தப்பியது. பிறேக் மிதிக்க அதில் பலம் இருக்கிறது; மருத்துவப் பரிசோதனையில் தேறித்தான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஆனால் அக்சிலேட்டரை ஒரே அளவில் அரை மணித்தியாலம் அழுத்திப் பிடித்தால் கால் விறைத்துவிடும். கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓடுகிற எனக்கு, வானில் இருக்கும் குரூஸ் கொன்ட்ரோல் ஆடம்பரமல்ல. அதிவேகப் பாதையில் வேகத்தை அது பிடித்துக்கொள்ளும், கால் ஆறும்.

பார்வையில்லாத ஒருவர்தான் இந்தக் கருவியை உருவாக்கினார் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ப் டீட்டர் ஐந்து வயதில் விபத்தொன்றில் பார்வையை இழந்தவர். அவருடைய கண்டுபிடிப்புக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிறைஸ்லர் நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தியது.

கடந்த வருடம் என் வானில் அது வேலை செய்யாமல் போனது. பொத்தானை அழுத்தினால் டாஷ்போர்ட்டில் விளக்கு வரும். வேகத்தை 'செட்' பண்ணினால் பிடிக்காது. கராஜில் காட்டினேன். கன்ட்ரோல் பெட்டி பழுது, மாற்ற 85 ஆயிரம் ரூபாய் என்றார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் திறந்தாலும், இன்னொரு வான் வாங்கும் விலையில் எதுவும் இல்லை. இருப்பதைத்தான் திருத்தி ஓட வேண்டும்.

அதே நாட்களில் சில காலைகளில் வான் ஸ்டார்ட் எடுக்காமல் நின்றது. பற்றரி பழசு என்று நினைத்தேன். ஒருநாள் இரவு பக்கத்து வீட்டுச் சின்னப் பெடியன் வந்து சொன்னான்: "மாமா, உங்கட வான் இன்னும் பிறேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது." போய்ப் பார்த்தால் மதில் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். திறப்பு என் கையில். பிறேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

காரணம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குமிழ். பிறேக் பெடலின் மேற்பகுதியில் ஒரு துளை இருக்கும். அதில் செருகிய குமிழ்தான் பெடல் மேலே நிற்கும்போது சுவிட்சின் முனையை அழுத்தி வைக்கிறது. வருடக்கணக்கில் வெயிலும் சூடும் பட்டு அது நொறுங்கிவிடும். பிறகு சுவிட்ச் முனை துளைக்குள் போய்விடும். கால் வைக்காமலே பிறேக் மிதிபட்டதாக வாகனம் நினைக்கும். பிறேக் மிதிபட்டால் குரூஸ் கொன்ட்ரோல் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் முதல் விதி. அது பழுதாகவில்லை, விதிப்படி நடந்துகொண்டது. புதுக் குமிழ் போட்டதும் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தன. செலவு ஒரு தேத்தண்ணிக் காசுதான்.

உங்கள் வாகனத்தில் இதே சிக்கல் என்றால், செலவில்லாததிலிருந்து தொடங்கி இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. டாஷ்போர்ட் விளக்கு. பொத்தானை அழுத்தியும் விளக்கு வராவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். அடுத்து ஹோர்னை அடித்துப் பாருங்கள். ஹோர்னும் இல்லை, எயார்பேக் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது என்றால், ஸ்டியரிங்குக்குள் சுருளாக இருக்கும் கேபிள் அறுந்திருக்கலாம். அதை நீங்கள் கழற்ற வேண்டாம். எயார்பேக் வெடித்தால் முகம் போய்விடும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2. வேகம். பெரும்பாலான வாகனங்களில் மணிக்குச் சுமார் 40 கிலோமீற்றருக்குக் கீழே இது பிடிக்காது. வேகமானி முள் துடித்தாலோ விழுந்தாலோ வேக சென்சரைச் சந்தேகியுங்கள்.

3. பிறேக் விளக்கு. ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். பெடலை விட்டால் அணைய வேண்டும், மிதித்தால் எல்லாம் எரிய வேண்டும். சில பழைய வாகனங்களில் மின்குமிழ்கள் எரிந்துபோயிருந்தாலோ, எல்ஈடி குமிழ் மாற்றியிருந்தாலோகூட குரூஸ் கொன்ட்ரோல் பிடிக்காது.

4. சுவிட்ச். விளக்கு ஒழுங்காக எரிந்தாலும் சுவிட்ச் நல்லது என்று முடிவெடுக்காதீர்கள். நான்கு வயர் உள்ள சுவிட்சில் ஒரு சோடி விளக்குக்கு, மற்றச் சோடி குரூஸ் கொன்ட்ரோலுக்கு. பிளக்கைக் கழற்றி மீற்றரால் பாருங்கள்: பெடலை விட்டிருக்கும்போது ஒரு சோடியிலும், மிதிக்கும்போது மற்றச் சோடியிலும் தொடர்பு இருக்க வேண்டும். மனுவல் கியர் என்றால் கிளச் பெடலிலும் இப்படி ஒரு சுவிட்ச் உண்டு.

5. இழுக்கும் பகுதி. 'செட்' ஆகியும் வேகம் ஏறி இறங்கினால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அக்சிலேட்டருக்குப் போகும் குரூஸ் கேபிளைப் பாருங்கள். அது கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், தொங்கக் கூடாது. வெற்றிடத்தால் இயங்கும் பழைய வகை என்றால் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கும்.

6. கணினிச் சோதனை. கராஜில் ஸ்கேனர் மாட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பெடலில் கால் இல்லாத நேரம் பிறேக் சுவிட்ச் எப்படிக் காட்டுது?" மிதிபட்டதாகக் காட்டினால் பெட்டியை மாற்றத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிறேக் சுவிட்சின் வயரை நேரடியாக முறுக்கி இணைத்து "வேலை செய்ய வைக்க" வேண்டாம். பிறகு பிறேக் மிதித்தாலும் அது விலகாது. திருத்திய பின் வெறுமையான நேரான வீதியில் சோதியுங்கள்: பெடலை மெல்லத் தொட்டதும் விலக வேண்டும். விலகாவிட்டால் பொத்தானை அணைத்து, திருத்தும்வரை தொடாதீர்கள்.

மழையிலும் இரவில் மாடுகள் படுக்கும் வீதியிலும் நான் இதைப் போடுவதில்லை. ஏ9இல் ஓமந்தை தாண்டி நேரான பாதை ஆசை காட்டும்; ஆனால் எந்த ஒழுங்கையிலிருந்தும் ஒரு சைக்கிள் வரலாம்.

இப்போதும் யோசித்தால் எனக்கு வயிறு கலங்குவது 85 ஆயிரத்துக்காக அல்ல. எத்தனை நாள் பிறேக் விளக்கு விடாமல் எரிய அந்த வானை ஓட்டினேனோ தெரியாது. நான் எப்போது நிறுத்துகிறேன் என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரிய வழியே இருந்திருக்காது. குரூஸ் கொன்ட்ரோல் பிடிக்காமல் போனதுதான் அதற்கான முதல் அறிவிப்பு. ஆகவே காலுக்கு ஓய்வு தேவையில்லாதவர்களும் இன்றிரவு வாகனத்தை நிறுத்திய பின் ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள்.