மலைவீட்டில் ஒரு கோடை

1940-ஆம் ஆண்டில், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடையொன்றில், இத்தனை பெரிய நூல் 49 சென்ட்டுக்குக் கிடைக்கிறதே என்று வியந்து, முரசாகி சீமாட்டியின் 'கெஞ்சி கதை'யை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாங்கிச் சென்றார் டொனால்ட் கீன் என்னும் பதினெட்டு வயதுக் கொலம்பியா மாணவர். அந்த மொழிபெயர்ப்பைச் செய்த ஆர்தர் வேலியோ, ஜப்பானை ஒருமுறையேனும் கண்ணால் கண்டவரல்லர். 1913-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் உத்தியோகம் ஏற்று, கீழ்த்திசைச் சித்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு வந்தமையால், சீனத்தையும் ஜப்பானியத்தையும் தாமே முயன்று கற்று, 1925 முதல் 1933 வரை அந்த மகத்தான கதையை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அபூர்வ மனிதர்.

1941-ஆம் ஆண்டுக் கோடையில் கீனுக்கு ஓர் அழைப்பு வந்தது. தைவானில் ஆசிரியராயிருந்து திரும்பிய ஜார்ஜ் கெர் என்பவர், வட கரோலினா மலைப்பிரதேசத்திலிருந்த தம் வீட்டில் விடுமுறையைக் கழித்தபடியே ஜப்பானியம் பயிலலாம் என்றார். மாணவர் மூவர், போதிக்க ஜப்பானில் வளர்ந்த ஓர் இளைஞர். பாடநூலாக வாய்த்ததோ ஜப்பானியக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் படிக்கும் வாசகம். பரீட்சையோ பட்டமோ கட்டாயமோ ஏதுமின்றி, வளர்ந்த மனிதர் மூவர் அந்தச் சிறுவர் வாசகத்தைச் சிரத்தையோடு அப்பியாசித்தனர் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு அவர்கள்பால் பெருமதிப்பு உண்டாகிறது.

இலையுதிர்காலத்தில் கல்லூரி திறந்ததும், ஜப்பானியச் சிந்தனை வரலாற்றைக் கற்க சுனோடா ரியூசாக்குவிடம் சென்றார் கீன். வகுப்புக்கு வந்தவர் அவர் ஒருவரே. ஒரு மாணவன் போதும் என்று சொல்லி ஆசிரியர் பாடத்தைத் தொடங்கிவிட்டார். டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கவே, அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் பெர்க்லியிலிருந்த அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில் கீன் சேர்ந்தார். வாரத்துக்கு ஆறு நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேர வகுப்பு, அதற்குமேல் இரவுநேரப் படிப்பு என்று பதினோரு மாதம் அது நடந்தது.

பின்னர் ஹவாயில், மாண்ட ஜப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகள் அவர் மேசைக்கு வந்தன. உலர்ந்த இரத்தத்தின் நாற்றம் வீசிய அச்சிறு புத்தகங்களில், அவசரமாய்க் கூட்டி எழுதிய கையெழுத்தைக் கண்ணுற்றுப் பிரித்து வாசித்தபோதுதான் ஜப்பானிய மக்களின் அந்தரங்கத்தை அவர் முதன்முதலாக அறிந்தார்.

அவருடைய புலமைக்கு ஆதாரம் கடற்படைப் பள்ளியே என்பது பலர் கருத்து. அதற்குரிய புகழில் ஒரு பங்கேனும் அந்த மலைவீட்டுக்குச் சேர வேண்டும் என்பது என் துணிபு. பாஷையின் மீது அவருக்கிருந்த பற்று, யுத்தத்தின் நிர்ப்பந்தம் வருவதற்கு முன்னரே அங்கே வேரூன்றிவிட்டது. அவர் 2012-ல் ஜப்பானியக் குடிமகனாகி, 2019-ல் டோக்கியோவில் காலமானார். வகுப்பில்லாத கோடை மாதங்களில் கற்றது நழுவுகிறதே என்று கவலைப்படும், ஜப்பானியம் பயிலும் மாணவர்கள், கீனின் சுயசரிதையில் அந்தக் கோடையைப் பற்றிய பகுதியைத் தேடி வாசிக்கும்படி வேண்டுகிறேன்.