பறக்கும் கோபுரம்

மலை நாட்டில் நிலம் அளப்பவனுக்கு மலையே துணை. உச்சியில் ஏறிக் கருவியை நாட்டினால் நாலு திசையும் கண்ணுக்குத் தெரியும். குன்றே இல்லாத சமவெளியில், பனையும் தென்னையும் பார்வையை மறைக்க, அவன் எங்கே ஏறி நிற்பான்? இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று இக்கேள்விக்குள் அடங்கியிருக்கின்றது.

1802ஆம் ஆண்டு ஏப்பிரில் 10ஆந் திகதி, சென்னைப் பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, உருக்குச் சங்கிலிகொண்டு ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதற்கு 57 நாள்கள் சென்றன. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம் என்பது பள்ளிப் பிள்ளைகள் கற்கும் பாடம். அப்பாடத்தைத் துணைக்கொண்டு, முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்து, அவர் தென்னிந்தியாவை அளந்து சென்றார். கோணம் பார்க்கும் தியோடலைற்றுக் கருவியின் எடை ஏறக்குறைய அரைத் தொன்.

1808இல் தஞ்சைச் சமவெளியை அடைந்தபோது ஏறி நிற்க மலையில்லை. பெரிய கோயிற் கோபுரத்தின்மேல் கருவியை ஏற்றினர். வடம் அறுந்தது, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. ஆறு வாரம் பாடுபட்டு லாம்ப்டன் அதனைச் செப்பனிட்டார்.

அவர் உழைப்பைப் போற்றுகின்றோம். ஆயினும், 1799இல் மைசூரை வென்ற கும்பனியார்க்கு அந்த அளவை எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. இலங்கையிலும் ஆங்கிலேயர் 1800 ஆகஸ்ட் 2ஆந் திகதியே நில அளவைத் திணைக்களத்தை நிறுவிவிட்டனர். நிலத்தை ஆள்வதற்கு முதற்படி அதனை அளப்பதே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1960இல் அமெரிக்க அறிஞர் தியடோர் மைமன் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். ஒளி, ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ ஓரடி செல்லும். ஆகவே, லேசர்க் கதிர் ஒரு பொருளிற் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து பாதியாக்கினால் தூரம் கிடைத்துவிடும். 1971இல் அப்பலோ 15 விண்கலம் சந்திரனின் மேடுபள்ளங்களை இவ்வண்ணமே அளந்தது. காலப்போக்கில் கருவி சிறுத்தது. இன்று ஆளில்லாமற் பறக்கும் ட்ரோன் அதனைச் சுமக்கின்றது. லாம்ப்டன் தேடிய கோபுரம் இப்போது பறக்கின்றது!

மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்குமேல் ஒரே உயரத்தில் நிற்கவும், மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் உள்ள இடைவெளியை அறியவும், கல் அகழ்ந்த குழியின் கொள்ளளவைக் கணக்கிடவும் இவ்வொளி உதவுகின்றது. 2021இல் செவ்வாயிற் பறந்த இன்ஜெனுயிற்றி என்னும் சிறு ஊர்தியும் தன் உயரத்தை லேசரால் அறிந்தது. இலைகளின் இடுக்குகளினூடே புகுந்து நிலத்தைத் தொடுவது இவ்வொளியின் தனிச்சிறப்பு. மத்திய அமெரிக்காவின் பெலீசு நாட்டிலே காரகோல் என்னும் பழைய மாயன் நகரம் காட்டினுள் மறைந்து கிடந்தது. ஆய்வாளர் 25 ஆண்டுகள் காட்டில் நடந்து அளந்தது 23 சதுர கிலோமீற்றர். 2009இல் விமானத்திலிருந்து லேசர் செலுத்தி, நான்கே நாள்களில் 200 சதுர கிலோமீற்றரை அளந்தனர்.

நமது யாழ்ப்பாணக் குடாநாடும் தஞ்சையைப் போன்ற சமவெளியே. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு, சுன்னாகத்தின் அயலிலுள்ள கந்தரோடைப் பக்கமாகச் சென்று அராலியிற் கடலேரியை அடைகின்றது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் வாழும் நமக்குக் கிணற்று நீரே உயிர். பெய்த மழை ஊறிக் கிணற்றை நிரப்புமா, வழிந்து கடலுக்குப் போகுமா என்பதற்கு அரையடி மேடுபள்ளமும் காரணமாகலாம். பனங்கூடலின் கீழே மறைந்த பழைய வாய்க்காலையும் தூர்ந்த குளத்தையும் காட்டவல்லது இக்கருவி.

ஆனால் அந்த அளவை யார் கையில் இருக்கும்? அன்று அளந்தவர் ஆள வந்தவர். இன்று அளப்பது நம் தண்ணீரைக் காப்பதற்காயின், அவ்வரைபடம் அலுவலக அலுமாரியில் மட்டும் உறங்கலாகாது. கமக்காரன் விரித்துப் பார்த்து, தன் தோட்டத்து மழைநீர் எவ்வழியே போகின்றது என்று அறியும்படி அது ஊரிலும் இருத்தல் வேண்டும்.