நெடுஞ்சாலை ஒலித்தடுப்புச் சுவர்: காற்றோட்டக் கணிப்பு

நெடுஞ்சாலை ஒலித்தடுப்புச் சுவர் என்பது, வாகன இரைச்சல் குடியிருப்புகளை நேராகச் சென்று தாக்காதபடி சாலையோரத்தில் எழுப்பப்படும் மறைப்பு. கான்கிரீட், செங்கல், எஃகுத் தகடு, அக்ரிலிக் பலகை, மண்மேடு எனப் பல பொருள்களில் அமைகிறது. சுவர் எத்தனை டெசிபெல் குறைக்கும் என்பதைக் கட்டுமுன்பே சொல்வது ஒலியியல். சுவரின் தலைக்கு மேல் காற்று எப்படி ஓடும், அந்த ஓட்டம் ஒலியை எந்தப் பக்கம் வளைக்கும் என்பதைச் சொல்வது கணிப்பியப் பாய்ம இயக்கவியல் (சிஎஃப்டி). பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரம் போன்ற காற்றுப் பகுதிகளில், இரண்டாவது கணக்கைச் செய்யாமல் முதல் கணக்கை மட்டும் நம்பிச் சுவர் கட்டுவது அரைகுறையான வேலையே ஆகும்.

வரலாறு

இத்துறையின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. பாய்மங்களின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகளைப் பிரான்சில் நவியே 1822இலும், இங்கிலாந்தில் ஸ்டோக்ஸ் 1845இலும் எழுதினர். இன்றைய சிஎஃப்டி நிரல்களில் பெரும்பாலானவை தீர்க்க முயல்வது இந்த நவியே–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத்தான். அதே ஸ்டோக்ஸ்தான் 1857இல், காற்று வீசும் திசையில் ஒலி நன்றாகக் கேட்பதும் எதிர்த் திசையில் மங்குவதும் ஏன் என்ற கேள்விக்கு விடை தந்தார். காற்று ஒலியைச் சுமந்து செல்வதால் அப்படி நேர்கிறது என்ற எளிய எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. தரையோரம் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். ஆகவே காற்றோடு செல்லும் ஒலி அலையின் மேற்பகுதி முந்துகிறது, அலைமுகப்பு தரையை நோக்கிச் சாய்கிறது. எதிர்க்காற்றில் அது வானை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1874இல் வளிமண்டலத்தில் ஒலிவிலகல் பற்றிய தம் கட்டுரையில் இதைச் சோதனைகளால் உறுதிசெய்தார். ஒலித்தடுப்புச் சுவரின் கதையில் இந்த இரு கட்டுரைகளும் முதலிடம் பெற வேண்டியவை. ஆனால் சுவர் கட்டிய பொறியாளர்கள் நெடுங்காலம் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றொரு வேர் விளிம்பு விளைவு. சுவருக்குப் பின்னால் நிழல் விழும் இடத்திலும் ஒலி கேட்பதற்குக் காரணம், சுவரின் மேல்விளிம்பே புதிய ஒலிமூலம்போல நடந்துகொள்வதுதான். ஃபிரெனெல் ஒளிக்காக வகுத்த கொள்கையைச் செர்மானியக் கணித அறிஞர் சாமர்ஃபெல்ட் 1896இல் முழுமையாக்கினார். முடிவற்ற நீளமுள்ள மெல்லிய தகட்டின் விளிம்பில் அலை எப்படி வளையும் என்பதற்குப் பிழையற்ற தீர்வு அவருடையது. 1940இல் ரெட்ஃபேர்ன், ஒலித்தடுப்புக்கு உதவும் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். பொறியாளர் கைக்கு இந்த அறிவு முழுதாக வந்து சேர்ந்தது 1968இல், ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேக்காவா வழியாக. ஆய்வுக்கூடத்தில் மெல்லிய தடுப்புக்கு அப்பால் அளந்த மதிப்புகளை அவர் ஒரே வளைகோட்டில் அடக்கினார். சுவரைத் தாண்டி வரும் பாதைக்கும் நேர்ப்பாதைக்கும் உள்ள நீள வேறுபாட்டை அரை அலைநீளத்தால் வகுத்தால் ஃபிரெனெல் எண் கிடைக்கும். அந்த எண் தெரிந்தால் ஒலிக்குறைப்பு தெரியும். 1971இல் குர்ட்சேயும் ஆண்டர்சனும் இதைச் சூத்திரமாக்கினர்.

மேக்காவா முறையின் வலிமையை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். சாலையின் ஒலிமூலம் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 8 மீட்டர் தள்ளி 4 மீட்டர் உயரச் சுவர். அதற்கு 20 மீட்டர் அப்பால், 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் காது. பாதை வேறுபாடு ஏறக்குறைய 0.87 மீட்டர். 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 17 டெசிபெல் குறைப்பு கிடைக்கும். 125 ஹெர்ட்ஸ் தாழ்சுருதிக்கு 12தான். இது டயர் இரைச்சலுக்கான கணக்கு. லாரியின் மேல்நோக்கிய புகைக்குழாயை 2.4 மீட்டர் உயர மூலமாகக் கொண்டால், அதே சுவர் 500 ஹெர்ட்ஸில் தருவது 13 டெசிபெல். 125 ஹெர்ட்ஸில் 9கூட இல்லை. லாரி மிகுந்த சாலைக்குக் கார்ச்சாலையின் சுவர் போதாது என்பது இதிலிருந்தே விளங்கும். 10 டெசிபெல் குறைந்தால் இரைச்சல் பாதியாகிவிட்டதாக மனிதர் உணர்கின்றனர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1970இன் நெடுஞ்சாலைச் சட்டம் இரைச்சல் அளவுகோல்களை வகுக்கச் சொன்னது. அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறையின் முன்கணிப்பு முறை 1978இலும், டிஎன்எம் எனப்படும் நிரல் 1998இலும் வந்தன. பிரிட்டனில் 1975 முதல் தனி முறை உண்டு. 1996இன் ஐஎஸ்ஓ 9613-2 தரநிலை, காற்று ஒலியின் திசையிலேயே மிதமாக வீசுவதாகக் கொண்டு கணக்கிடுகிறது. சுவர் அந்தக் காற்றையே மாற்றிவிடும் என்பது அதன் கணக்கில் இல்லை.

எண்கணிதத்தால் காற்றைக் கணிக்கும் முயற்சியை 1922இல் நூலாக வெளியிட்டவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். 64,000 மனிதக் கணக்கர்கள் ஒரே அரங்கில் அமர்ந்து வானிலையைக் கணக்கிடுவதாக அவர் கற்பனை செய்தார். 1960களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஹார்லோவின் குழு பாய்மக் கணிப்பைக் கணினிக்குக் கொண்டுவந்தது. கொந்தளிப்பு ஓட்டத்தைச் சராசரியாக்கிக் கணிக்கும் கே-எப்சிலான் மாதிரியை லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974இல் செம்மைப்படுத்தினர். சுவருக்குப் பின்னுள்ள காற்றைக் கணிக்க இன்றும் பலர் முதலில் எடுப்பது இதைத்தான்.

இரு துறைகளும் சுவரின் மேல் சந்தித்தது பிந்திய நிகழ்ச்சி. 1976இல் டி யாங், ஸ்டஸ்னிக் இருவரும் சிறுமாதிரிச் சோதனையில் காற்றினால் சுவரின் பயன் குறைவதைக் காட்டினர். 1999இல் நெதர்லாந்தின் சாலமன்ஸ், காற்றுச் சுரங்க அளவீட்டையும் கணினிக் கணக்கையும் சேர்த்து அதன் காரணத்தை வெளிப்படையாக்கினார். சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, விளிம்புக்கு மேல் வேகம் கூடிப் பாய்கிறது. அதற்குக் கீழே, சுவரின் மறைவில் காற்று ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையே உண்டாகும் கூர்மையான வேக வேறுபாடு, தலைக்கு மேல் போக வேண்டிய ஒலியை நிழல் பகுதிக்குள் வளைத்து இறக்குகிறது. தன் மறைவைத் தானே கெடுத்துக்கொள்ளும் நிலை இது. பெல்ஜியத்தின் வான் ரெண்டர்கெம், போட்டல்டோரன் ஆகியோர் சுவருக்குப் பின்னால் மரவரிசை வைத்தால் இழப்பின் ஒரு பகுதியை மீட்கலாம் என்று 2002 முதல் காட்டினர். இலைகள் ஒலியை வடிகட்டுவதால் வரும் நன்மையன்று இது. மரத்தலை காற்றின் வேகத்தைத் தணித்து, அந்த வேறுபாட்டை மழுக்குகிறது.

கணக்கிடும் முறை

சிஎஃப்டி கொண்டு இரைச்சலையும் நேராகக் கணித்துவிடலாமே என்று தோன்றும். அது வீண் செலவு. 60 டெசிபெல் ஒலியின் அழுத்தம் 0.02 பாஸ்கல், விநாடிக்கு 5 மீட்டர் காற்றின் மோதழுத்தம் சுமார் 15 பாஸ்கல். பெரிய எண்ணின் கணக்குப் பிழையிலேயே சிறிய எண் மூழ்கிப்போகும். மேலும், கணிக்கும் வெளியைச் சிறு கண்ணறைகளாகப் பிரிக்கையில் ஓர் அலைநீளத்துக்குப் பத்து அறைகளாவது வேண்டும். 1,000 ஹெர்ட்ஸுக்கு அறையின் பக்கம் 3.5 சென்டிமீட்டர். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரமுள்ள வெளியை நிரப்ப ஏறக்குறைய 470 கோடி அறைகள் தேவைப்படும். குறுக்குவெட்டில் மட்டும் கணித்தால் 16 லட்சம் அறைகளோடு முடிந்துவிடும்.

ஆகவே சரியான வழி இரண்டு படி. முதலில், சுவர், வீடுகள், மரங்கள் எல்லாவற்றையும் வைத்து நிலையான காற்றோட்டத்தைச் சிஎஃப்டி கணிக்கும். மரத்தலையைக் காற்றை இழுத்து நிறுத்தும் நுண்துளைப் பரப்பாக நிரலில் எழுதுவர். பிறகு அந்த வேகப் புலத்தின் மேல் ஒலி அலையைத் தனியே ஓடவிடுவர். அதற்கு நேரியல்பாக்கிய ஆய்லர் சமன்பாடு, பரவளைவுச் சமன்பாடு ஆகியவை பயன்படுகின்றன. எல்லைக் கூறு முறை, டி வடிவம் முதலிய சுவர்த்தலைகளை ஒப்பிட மிக நன்று. 1991இல் ஹாதர்சால், சாண்ட்லர்-வைல்ட் முதலியோர் அதை நிலைநாட்டினர். ஆனால் அது காற்று அசையாத உலகத்தைச் சேர்ந்தது.

காற்றுக் கணக்குக்கு மற்றொரு பயனும் உண்டு: சுவர் சாயாமல் நிற்பது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி கோயம்புத்தூருக்கு விநாடிக்கு 39 மீட்டர் அடிப்படைக் காற்றுவேகம் தருகிறது. திருத்தக் காரணிகளைச் சேர்க்காமல் பார்த்தாலும், சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடான அழுத்தம் அது. சுவரின் முனைகளில் சுமை இன்னும் கூடும்.

திருப்பூர் வட்டாரம்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அதன் வழியே மேல்காற்று கோவை, பல்லடம், உடுமலை, தாராபுரம் சமவெளிக்குள் பாய்கிறது. பல்லடம், கேத்தனூர், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சான்று. ஆடிக்காற்று என்று மக்கள் சொல்லும் அதே காற்றுதான் இங்கே ஒலித்தடுப்பின் விதியை எழுதுகிறது.

சாலைகளின் திசை முக்கியம். முன்பு 47 என்று எண்ணிடப்பட்டிருந்த தேசிய நெடுஞ்சாலை 544, செங்கப்பள்ளி, பெருமாநல்லூர், அவிநாசி வழியே பெரும்பாலும் கிழக்கு–மேற்காகச் செல்கிறது. பருவக்காற்று அங்கே சாலையோடு இணையாக ஓடுகிறது. சாலைக்கு 20 பாகை சாய்ந்து விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் குறுக்குக் கூறு 2 மீட்டர் மட்டுமே. சுவர் பெரிதும் கெடாது. பல்லடம்–திருப்பூர்ச் சாலையோ ஏறத்தாழ வடக்கு–தெற்கு. அதே காற்று அங்கே பெரும் வலுவோடு குறுக்கே அடிக்கிறது. கிழக்கு ஓர வீடுகள் காற்றின் கீழ்ப்புறத்தில் மாட்டிக்கொள்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் கீழ்க்காற்று தொடங்கியதும் அந்தத் தொல்லை மேற்கு ஓரத்துக்கு மாறும். அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக அவிநாசிபாளையம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 381 தென்கிழக்காகச் சாய்ந்து போவதால் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரே அளவுச் சுவரை மூன்று சாலைக்கும் வரைந்து கொடுப்பது தவறு.

தூத்துக்குடித் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள், நூல் மூட்டை ஏற்றிய வண்டிகள், கம்பெனி வேன்கள் ஆகியவை இந்தச் சாலைகளின் போக்குவரத்தில் இரவு பகலாகக் கலந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பிடுகின்றன. காலை 6 முதல் இரவு 10 வரை பகல். நைட் ஷிப்ட் முடித்து வந்து சிமென்ட் ஷீட் வேய்ந்த லைன் வீட்டில் காலையில் தூங்கும் நிட்டிங் தொழிலாளிக்கு அந்தப் பகுப்பு நியாயம் செய்வதில்லை. அவருடைய இரவுக்கு 45 டெசிபெல் வேண்டும். இங்கே சுவரை வடிவமைப்பவர் ஷிப்ட் நேரத்தையும் உள்ளீடாகக் கொள்ள வேண்டும்.

தொழிற்சாலை, விசைத்தறி ஆகியவற்றின் இரைச்சல் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளது.

நார்ப் பொருள்கள்

சாலையின் இரு பக்கமும் கெட்டிச் சுவர் எழுந்தால் ஒலி அவற்றுக்கிடையே மாறி மாறி எதிரொலித்து, இரண்டின் பயனும் குறையும். உட்புறத்தில் ஒலியை உறிஞ்சும் அடை வேண்டும். இழைப்பொருளின் உறிஞ்சும் திறனைத் தீர்மானிப்பது அதனூடே காற்று செல்வதற்கு உள்ள தடை. டெலனியும் பேஸ்லியும் 1970இல் அந்த ஒரே எண்ணைக் கொண்டு முழுத் திறனையும் கணித்துக் காட்டினர். பனியன் துணியின் காற்றுப்போக்கை அளந்து பழகிய ஊருக்கு இது அந்நியமான எண்ணன்று. இழைகளுக்கிடையே மெல்லக் கசியும் காற்றைச் சிஎஃப்டியில் கணித்தும் அதைப் பெறலாம். பனியன் துணியின் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்துப் பஞ்சாக்கி அழுத்திய அடைகள் இதற்குப் பொருத்தமானவை. மழைநீர் இறங்காத உறையும், தீப்பிடிக்காத பதமும் அவற்றுக்குக் கட்டாயம்.

இன்றைய நிலை

இந்தியாவில் தில்லி பாரப்புள்ளா மேம்பாலம், பெஞ்ச் புலிகள் காப்பகம் வழிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 போன்ற இடங்களில் ஒலித்தடுப்புகள் உள்ளன. 2004இல் வெளியான ஓப்பன்ஃபோம் கட்டணமின்றிக் கிடைப்பதால், கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் காற்றோட்டக் கணிப்பைச் செய்ய முடிகிறது.