விரியும் அண்டமும் ஒரு தமிழ் இளைஞரின் கணக்கும்

கலியாணப் பேச்சு எழுந்தவுடன் நம்மவர் முதலில் கேட்பது நட்சத்திரப் பொருத்தம். பெண் ரோகிணியா, பிள்ளை திருவாதிரையா என்று கிள்ளானிலும் கேட்கின்றனர், பிரிக்பீல்ட்சிலும் கேட்கின்றனர், தோட்டத்து லயங்களிலும் கேட்கின்றனர். ஆனால் அந்த ரோகிணி எத்தனை தொலைவில் உள்ளது என்று கேட்பார் ஆயிரத்தில் ஒருவரும் இலர். இன்றிரவு நம் கண்ணிற்படும் ரோகிணியின் ஒளி, ஏறக்குறைய 65 ஆண்டுகளுக்கு முன் அதனை விட்டுப் புறப்பட்டது. நம் பாட்டன்மார் பால்மரம் சீவிக்கொண்டிருந்த நாளில் கிளம்பிய ஒளி, பேரப்பிள்ளையின் ஜாதகத்துக்குச் சாட்சி சொல்ல இன்றுதான் வந்து சேருகிறது! விண்மீன்களிடம் கேட்கத்தக்க கேள்வி வேறு உண்டு. அதனைக் கேட்டவர்களின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஒளி இமைப்பொழுதும் இன்றி எங்கும் பாய்வது, அதற்கென ஒரு வேகம் இல்லை என்றே பண்டை அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அதனை மாற்றியவர் டென்மார்க்கு தேசத்து ஓலே ரோமர் என்பார். குருப்பெயர்ச்சி என்று நம்மவர் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் அதே வியாழனை அவர் பாரிசு நகரிலிருந்து தொலைநோக்கியால் கண்டு, அதன் துணைக்கோள் ஒன்று நிழலுள் மறைந்து வெளிப்படும் நேரத்தைக் குறித்து வந்தார். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அந்நேரம் பிந்திற்று. நெருங்கும் மாதங்களில் முந்திற்று. ஒளி நடக்க வேண்டிய வழி நீண்டதே இத்தாமதத்துக்குக் காரணம் என்று 1676ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். அவ்வேகம் விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர். அதாவது சுமார் 1,86,000 மைல். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடைப்பட்ட 20 மைலை ஒளி கடப்பதற்கு, ஒரு விநாடியைப் பதினாயிரம் கூறாக்கினால் ஏறக்குறைய ஒரு கூறு போதும். இவ்வேகத்தை மிஞ்சி எப்பொருளும் வெளியினூடே ஓடாது என்பது 1905இல் ஐன்ஸ்டைன் கண்ட விதி.

கிள்ளான் நிலையத்து மேடையில் நிற்பவர், நில்லாமல் கடந்து செல்லும் சரக்கு ரயிலின் ஊதலைக் கவனித்திருப்பர். வரும்போது உச்சத்தில் ஒலிப்பது, கடந்தவுடன் தாழ்ந்து விடுகிறது. ஒளிக்கும் இத்தகைய மாற்றம் உண்டு. விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்பின் பக்கம் சாயும். அமெரிக்க அறிஞர் ஸ்லைபர் 1912 முதல் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார். அவற்றுட் பெரும்பாலானவை நம்மை விட்டு விலகிக் கொண்டிருந்தன. தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை 1927இல் பெல்ஜிய நாட்டு லெமேத்ர் கணக்கினாலும், 1929இல் அமெரிக்கர் ஹப்பிள் தொலைநோக்கி அளவினாலும் காட்டினர். அண்டம் அசையாதது என்று 1917இல் கருதித் தம் சமன்பாட்டில் ஓர் உறுப்பைப் புகுத்தியிருந்த ஐன்ஸ்டைன், 1931இல் தம் கருத்தைக் கைவிட்டார். உலகமே போற்றிய ஒருவர், சான்று எதிரே நின்றபோது தம் சொல்லைத் திருத்திக்கொண்டார். இதனை வாசகர் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

இங்கே ஓர் ஐயம் எழும். தொலைவுக்கேற்ப வேகம் பெருகுமானால், ஒளியையும் மிஞ்சிய வேகத்தில் விலகும் மண்டலங்களும் உண்டோ? உண்டு. ஏறக்குறைய 1400 கோடி ஒளியாண்டுக்கு அப்பாற்பட்டவை அவ்வாறே விலகுகின்றன. அப்படியாயின் ஐன்ஸ்டைன் விதி பொய்த்ததோ? இல்லை. பால்மரத்தால் வாழ்ந்த நம் மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு ரப்பர் நாடாவின் மேல் இரண்டு எறும்புகளை விட்டு, நாடாவை இருபுறமும் இழுத்துப் பாருங்கள். எறும்புகள் ஓர் அடியும் எடுத்து வைக்காமலே ஒன்றைவிட்டு ஒன்று அகலும். எறும்பின் நடைக்கு எல்லை உண்டு. நாடாவின் நீட்சிக்கு அவ்வெல்லை இல்லை. ஒளியின் வேகம் வெளியினுள்ளே ஓடுவனவற்றைக் கட்டும் விதி. நீள்வதோ வெளியே ஆகும்.

இனி, இவ்வரலாற்றில் ஒரு தமிழர் பெற்ற இடத்தைக் காண்போம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1930 ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வயது 19. அக்கடற்பயணத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து ஓய்ந்த விண்மீன் சுருங்கி, ‘வெள்ளைக் குள்ளன்’ என்னும் நிலையில் அமையும் என்று அறிஞர் கருதியிருந்தனர். எல்லா விண்மீனும் அவ்வாறு அமையாது என்றது அவர் கணக்கு. சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையை அந்நிலை தாங்காது என்று பின்னர் அவ்வெல்லை உறுதியாயிற்று.

1935 ஜனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியற் சங்கத்தில் சந்திரசேகர் இதனை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைன் கொள்கையைச் சோதித்த குழுவினரின் தலைவர். விரியும் அண்டத்தைப் பற்றி 1933இல் நூல் எழுதிப் பொதுமக்களுக்கு உணர்த்தியவர். அவர், இயற்கை இத்தகைய பேதைமைக்கு இடந்தராது என்னும் கருத்துப்பட இளைஞரின் முடிவை ஏளனம் செய்தார். கணக்கில் பிழை காட்டினாரில்லை. ஆயினும் அவை அவர் பக்கமே சாய்ந்தது. சந்திரசேகர் தம் கருத்தை 1939இல் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு, வேறு ஆராய்ச்சிக்குச் சென்றார். அவருக்கு நோபல் பரிசு 1983இல் கிடைத்தது. எடிங்டன் பிறந்து நூறாண்டு நிறைந்த 1982இல் அவரைப் புகழ்ந்து சொற்பொழிவாற்றியவரும் இவரே! பெருந்தன்மைக்கு வேறு சான்று வேண்டுமோ?

வரலாற்றின் விந்தை அத்துடன் முடியவில்லை. அண்டை விண்மீனிலிருந்து பொருளை ஈர்த்து, வெள்ளைக் குள்ளன் அந்த 1.4 எல்லையை நெருங்குங்கால் வெடிக்கும் என்பது, ஒருவகை விண்மீன் வெடிப்புக்கு நெடுங்காலமாகக் கூறப்படும் விளக்கம். எல்லை ஒன்றேயாதலின் அவ்வெடிப்புகளின் பேரொளியும் ஏறத்தாழ ஓரளவினதாகும். ஒரே அளவுள்ள விளக்குகளில் மங்கித் தோன்றுவது தொலைவிலுள்ளது அன்றோ? இவ்விளக்குகளைக் கொண்டு 1998இல் இரு ஆராய்ச்சிக் குழுவினர் அண்டத்தை அளந்தனர். அவை எதிர்பார்த்ததிலும் மங்கியிருந்தன. அண்டத்தின் விரிவு தளரவில்லை, விரைந்து கொண்டிருக்கிறது என்பது தெளிவாயிற்று. அக்கண்டுபிடிப்பு 2011இல் நோபல் பரிசு பெற்றது. விரியும் அண்டத்தை உலகுக்கு உணர்த்திய எடிங்டன் எள்ளி ஒதுக்கிய எண்ணே, அவ்விரிவை அளக்கும் விளக்கின் திரியாயிற்று.

தோட்டத்துச் செக்ரோலில் கணக்கு எழுதி வாழும் எமக்கு இதிலே வியப்பில்லை. கூட்டல் பெரிய துரைக்கும் ஒன்றே, கிராணிக்கும் ஒன்றே. சொன்னவர் பெரியவர் என்பதால் தொகை மாறுவதில்லை. ஆனால் சந்திரசேகருக்குக் கல்லூரி கிடைத்தது, நூல்கள் கிடைத்தன, படித்த குடும்பம் கிடைத்தது. அத்தகைய மூளை நம் லயங்களில் பிறக்கவில்லை என்று எவரே துணிந்து கூறுவர்? பிறந்த குழந்தைக்கு ஜாதகம் எழுதக் கொடுக்கும் பணத்தில் ஒரு கணித நூல் வாங்கலாம். கோலாலம்பூரில் தேசியக் கோளரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் நம்மவருள் அங்கும் கூட்டிச் சென்றவர் எத்தனை பேர்? ரோகிணியிடம் மணநாள் கேட்டது போதும். அதன் தொலைவைக் கேட்கும் ஒரு பெண்ணோ பையனோ வீட்டுக்கொருவர் எழட்டும்!