காவிரியும் ஒரு பெருக்கற்கணக்கும்

மாணவர்களே, காவிரி திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. வட கிளை கொள்ளிடம். தென் கிளை தன் பழம்பெயருடனேயே தஞ்சைத் தரணியை நோக்கிச் செல்கின்றது. இடையில் இருப்பது திருவரங்கத் தீவு. கொள்ளிடத்தின் வழி கடலுக்குக் குறுகியது. சரிவும் அதற்கே மிகுதி. ஆகவே நீருக்கு அப்பக்கமே நாட்டம்.

நீருடன் மணலும் வண்டலும் வருகின்றன. வேகம் தளர்ந்த நீர் தன் சுமையை இறக்கிவிடும். நீர் குறைந்த கிளையில் மணல் படியும். மணல் படிந்தால் தரை மேடாகும். மேடானால் மறு ஆண்டு அக்கிளைக்கு நீர் இன்னும் குறையும். விளைவே திரும்பி வந்து தன் காரணத்தை வளர்க்கின்றது. இதனை இக்காலத்தார் பின்னூட்டம் என்பர்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்திற்கு வைத்துக் கொண்டவை. நூறு பங்கு நீரில் காவிரிக்கு ஐம்பது வந்தால் சமநிலை. ஓர் ஆண்டில் 49 வந்தது, குறை ஒன்று. அக்குறை ஆண்டுதோறும் 1.2 மடங்காகிறது என்க. பத்தாம் ஆண்டில் குறை ஏறக்குறைய 6. காவிரிக்கு 44 பங்கு கிடைக்கும். உழவர் அதனைப் பெரிதாக உணரார். இருபதாம் ஆண்டிலோ குறை 38. எஞ்சுவது 12 பங்கே! பெருக்கலின் இயல்பு அத்தகையது. வகுப்பில் கூட்டுவட்டி கற்றவர்க்கு இது புதிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நாடு இவ்விடரையே கண்டது. காவிரி மேடிட்டது; நன்செய்களுக்கு நீர் குறைந்தது. தீவின் கீழ்முனையில், கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை, காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் காத்து நின்றது. ஆனால் முக்கொம்பிலேயே குறைந்துபோன நீரை அதனால் பெருக்க இயலுமோ?

1836-ல் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. காவிரிக்கு நீர் பெருகியது, ஊரார் மகிழ்ந்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் எதிரிடையான தொல்லை தோன்றியது. மிகுந்த நீர் காவிரியின் தரையை அரித்தது. தரை தாழவே நீர் மேலும் மிகுந்தது. பத்தாண்டு நிறைவதற்குள் காவிரியின் தலைப்பிலும் குறுக்குச் சுவர் எழுப்ப நேர்ந்தது.

நம் கணக்கு இதனை விளக்கும். அசையாத அணை குறையை மிகையாக மாற்றலாம், 1.2 என்னும் பெருக்கெண்ணை மாற்றுவதில்லை. மிகையும் அதே விதிப்படி வளரும். மிகும்போது இறக்கி, குறையும்போது ஏற்றும் கதவுகளே அவ்வெண்ணை ஒன்றுக்குக் கீழே கொணர வல்லவை. 0.8 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 38 என்னும் குறை பத்தே ஆண்டில் நான்காகச் சுருங்கும். கல்லணையருகே காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் 1880களில் ஒழுங்கியங்கள் எழுந்தன. மேலணைக்கும் பின்னர்க் கதவுகள் பொருத்தப்பட்டன. அவற்றுள் ஒன்பது 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன.

1934-ல் மேட்டூர் அணை நிறைவுற்றது முதல், மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்குகின்றது. கீழேயோ ஆற்று மணலை மனிதரே அள்ளுகின்றனர். இனி இக்கணக்கை எழுதுவோர் நீரின் பங்கோடு, வாராத மணலுக்கு ஓர் எழுத்தும் அள்ளிய மணலுக்கு ஓர் எழுத்தும் சேர்த்தே எழுதவேண்டும்.