முட்டாள்கள் தினத்தில் முளைத்த ஃபிளாஸ்க்

2010 ஏப்ரல் 1 அன்று 'டினைட்' என்றொரு புதிய பைதான் ஃபிரேம்வொர்க் இணையத்தில் அறிமுகமானது. தனி இணையதளம், விளக்க வீடியோ என்று ஏற்பாடெல்லாம் பிரமாதம். ஒரே ஒரு கோப்பை இறக்கிக்கொண்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றது விளம்பரம். பலர் நம்பியும் விட்டார்கள்! செய்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரோனகர். தான் பங்காற்றி வந்த வெர்க்சாய்க், ஜின்ஜா2 என்ற இரண்டு நூலகங்களையும் மூட்டை கட்டி அந்த ஒற்றைக் கோப்புக்குள் திணித்திருந்தார். அப்போது பரவியிருந்த 'ஒரே கோப்பு' மோகத்தைக் கிண்டல் செய்வதுதான் நோக்கம்.

கிண்டலுக்கே இவ்வளவு கூட்டமா என்று யோசித்திருக்க வேண்டும். அதே மாதம் 16ஆம் தேதி நிஜமாகவே ஒன்றை வெளியிட்டார். 'பாட்டில்' என்ற ஃபிரேம்வொர்க் ஏற்கெனவே இருந்ததால் இதற்கு 'ஃபிளாஸ்க்' என்று பெயர் (பாட்டிலுக்குப் போட்டியாகக் குடுவை!).

இரண்டே வாரத்தில் இது எப்படிச் சாத்தியமானது? ரோனகரின் திறமை ஒரு காரணம். பலரும் சொல்லாமல் விடும் இன்னொரு காரணம் 2003ல் இருக்கிறது.

அன்று பைதானில் ஃபிரேம்வொர்க்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ஸோப், குவிக்ஸோட், வெப்வேர், ட்விஸ்டட் என்று ஆளுக்கொன்று. ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதோடு ஒத்துப்போகிற சர்வரைத்தான் பயன்படுத்த முடியும். ஒரு வங்கியின் காசோலையை அதே வங்கியில் மட்டும்தான் போட முடியும் என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? அந்த நிலைமைதான்.

2003 டிசம்பரில் ஃபிலிப் ஜே. ஈபி என்பவர் 'பெப் 333' என்ற ஆவணத்தை எழுதினார. அதில் சொன்ன உடன்பாட்டின் பெயர் விஸ்கி (எழுத்துகள் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ.; குடிக்கிற விஸ்கி அல்ல). சர்வர் இரண்டு பொருட்களை நிரலிடம் கொடுக்கும்: வந்த கோரிக்கையின் விவரங்கள் அடங்கிய ஒரு அகராதி, பதிலைத் தொடங்கிவைக்கும் ஒரு ஃபங்ஷன். நிரல் பதிலைத் திருப்பித் தரும். முக்கால்வாசி அவ்வளவுதான்! யாருடைய தயாரிப்பும் இல்லை, விற்பனைக்கும் இல்லை. வெறும் காகித ஒப்பந்தம்.

ஆனால் அதன்பின் சர்வர் எழுதுபவர் ஒருவர், ஃபிரேம்வொர்க் எழுதுபவர் வேறொருவர் என்று வேலை பிரிந்தது. கான்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005ல் வெளிவந்த ஜாங்கோவையும், விளையாட்டாய் வந்த ஃபிளாஸ்கையும் இன்று அதே குனிகார்ன் சர்வரில் ஓட்டலாம். ஃபிளாஸ்க் கூடவே தரும் சர்வர் சொந்தக் கணினியில் சோதித்துப் பார்க்க மட்டுமே. வெளியுலகுக்கு ஏற்றும்போது முன்வாசலில் என்ஜின்எக்ஸ், உள்ளே குனிகார்னின் சில வேலையாட்கள், அதற்கும் உள்ளே நமது நிரல் என்று அடுக்குவது வழக்கம். எழுத அரை மணி, ஏற்ற அரை நாள் என்பது பழகியவர்களுக்குத் தெரியும் :-)

ஃபிளாஸ்க் வலைப்பக்கங்களுக்காகப் பிறந்தது. மொபைல் செயலிகள் பெருகியபோது பக்கம் யாருக்கு வேண்டும், ஜேசான் வடிவில் தகவல் தந்தால் போதும் என்றானது. ஜின்ஜாவை ஓரங்கட்டிவிட்டு ஏபிஐ எழுதப் பலரும் ஃபிளாஸ்கையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வருகிற தகவல் சரியா என்று சோதிக்கும் வேலை எழுதுபவர் தலையில்தான். வயது கேட்ட இடத்தில் பெயர் வந்தால் நிரல் திருதிருவென விழிக்கும்.

விஸ்கிக்கும் ஒரு குறை உண்டு. ஒரு கோரிக்கை, ஒரு பதில் என்பதே அதன் கணக்கு. டேட்டாபேஸ் பதில் சொல்லும்வரை அந்த வேலையாள் சும்மா காத்திருப்பார். இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட்டுக்கு அதில் இடமே இல்லை. இதற்காக ஜாங்கோ குழுவின் ஆண்ட்ரூ காட்வின் ஏ.எஸ்.ஜி.ஐ. என்ற அடுத்த ஒப்பந்தத்தை உருவாக்கினார். அதன்மேல் டாம் கிறிஸ்டி ஸ்டார்லெட்டைக் கட்ட, ஸ்டார்லெட்டின் மேல் செபாஸ்டியன் ராமிரெஸ் ஃபாஸ்ட்ஏபிஐயைக் கட்டினார். வயது ஒரு முழு எண் என்று ஃபங்ஷனிலேயே குறித்துவிட்டால் போதும், சோதனையும் விளக்கப் பக்கமும் தானாக வந்துவிடும்.

அது வெளியானது 2018 டிசம்பரில். எட்டு வருடம் பூஜ்யத்திலேயே எண்ணிக்கொண்டிருந்த ஃபிளாஸ்க், 1.0 என்ற பதிப்பு எண்ணை எட்டியதும் அதே வருடம்தான்... அதுவும் ஏப்ரலில்!