லேக் மார்க்கெட் வீடும் நம்மவர் போட்ட வரிக்கணக்கும்

கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் ரிட்டயர் ஆனதும் அதை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போவதை நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த லாபத்துக்கு வரி போட்டதிலும் தமிழர் பங்கு பெரிசுதான்! 1947-ல் லியாகத் அலி கான் கொண்டுவந்து, 1949-ல் கைவிடப்பட்ட மூலதன ஆதாய வரியை 1956-ல் மறுபடி உயிர்ப்பித்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. விலைவாசி ஏறியதெல்லாம் லாபமாகாது என்று ராஜா செல்லையா குழு எடுத்துச் சொல்ல, 1992-ல் ‘இண்டெக்சேஷன்’ வந்தது. 2024 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அதை எடுத்துவிட்டு, வரி 12.5 சதவீதம் என்றார். எதிர்ப்பு கிளம்பவே, 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைக்குப் பழைய 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று இறங்கி வந்தார். ஆனால் இது இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை பேரில் வீடு வாங்கிப் போட்டிருப்பவர்கள் விலை பேசும் முன்பே இதைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேணும்.